நாற்பத்தோரு அடி உயரத்தில் அயனி மண்டலம்

நாச்சாயி ஹாம் ரேடியோ உரிமத் தேர்வுக்கான புத்தகத்தின் ஐந்தாம் பாடத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பூமியிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேலே இருப்பதாக அந்தப் பாடத்தில் போட்டிருந்த அயனி மண்டலம், ஊசிக்கரட்டின் மேல் மட்டும் நாற்பத்தோரு அடி உயரத்துக்கு இறங்கி வந்து நின்றது. வானொலி அலைகளை மேலே போகவிடாமல் பூமிக்கே திருப்பி அனுப்புகிற அந்த அடுக்கு, கஞ்சி போட்டுக் காயவைத்த பாவு நூல் போலச் சாய்ந்து பார்த்தால் மட்டும் மினுங்கியது. காக்கைகள் அதன் வழியே போய் வந்தன, மழை அதன் வழியாகவே பெய்தது, மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஏன் இறங்கியது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மூன்று வருடமாக வராத குழாய்த் தண்ணீர் அதற்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது, அதையே யாரும் ஏன் என்று கேட்டிருக்கவில்லை.

ஊசிக்கரடு விசைத்தறி ஊர். அறுபது வருடமாக ஆயிரத்துச் சொச்சம் தறிகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே பிறந்தவர்களுக்குக் கத்துவதுதான் பேச்சு. ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள், எவ்வளவு கத்தினாலும் தறிச் சத்தத்தில் இரண்டு முழம் தாண்டாது என்பதால் அது ரகசியமாகவே இருந்துவந்தது. காதலைக் கத்தினார்கள், மாமியாரைப் பற்றி மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார்கள், சாவு வீட்டில் ஆறுதலைக் கத்தினார்கள், வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் ஊரே தங்களைத் திட்டுவதாக நினைத்து முதல் ஆறு மாதம் அழுது, ஏழாம் மாதம் தாங்களும் கத்தத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, கத்திய ஒவ்வொரு சொல்லும் நேரே மேலே போய், நாற்பத்தோரு அடியில் பட்டுச் சாய்ந்து, மூன்று தெரு தள்ளி, தறிச் சத்தத்துக்கும் மேலாக, பக்கத்தில் நின்று சொன்னது போலத் தெளிவாக விழுந்தது. இடைப்பட்ட இரண்டு தெருக்களில் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் விழுந்தது ரசம். நாச்சாயியின் புருஷன் சடையப்பன் தறி பிட்டர், ஊரிலேயே பெரிய தொண்டை அவனுடையது; பத்தரை மணிச் சாப்பாட்டுக்கு வந்தவன் "ரசத்துல உப்பே இல்ல புள்ள" என்று கத்தியது தன் வீட்டுச் சமையலறையில் கேட்காமல், மூன்று தெரு தள்ளித் தன் புருஷனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தியின் காதில் விழ, அவள் உப்பு டப்பாவை அந்த மனிதனின் தட்டில் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். வடக்குத் தெருவில் ஒருவன், ஒரு பெண் மேல் இரண்டு வருடமாக வைத்திருந்த ஆசையை இரண்டு தறிகளுக்கு நடுவே நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டது, தபால் நிலைய வாசலில் நின்ற அந்தப் பெண்ணுடைய அப்பாவின் தலையில் விழுந்தது. அவர் வானத்தைப் பார்த்து, "யாருப்பா நீ, ஆசை இருந்தா வீட்டுக்கு வந்து கேளு" என்றார். அது மூன்று தெரு தள்ளி எருமை கறந்துகொண்டிருந்த ஐம்பது வயதுக்காரி ஒருத்தியின் மேல் விழ, அவள் அன்று முழுக்கத் தலையில் பூ வைத்துக்கொண்டு நடமாடினாள்.

பதினோரு மணிக்கு, "நாச்சாயி, பாலு பொங்குது!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் தெற்குத் தெருவில் விழுந்தது. ஏழு நாச்சாயிகள் ஏழு அடுப்புகளுக்கு ஓடினார்கள்.

ஊரில் மொத்தம் பதினொரு நாச்சாயிகள். எல்லைக் கோயிலைக் கும்பிடுகிற சில குடும்பங்களில் மூத்த பெண் குழந்தைக்கு அந்தக் கோயில் நாச்சாயி அம்மன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். வேறு பெயர் வைத்துப் பார்த்த ஒரு குடும்பத்தில் குழந்தை அந்தப் பெயருக்குத் திரும்பவே இல்லையாம். அதனால் நர்ஸ் நாச்சாயி, மாடி வீட்டு நாச்சாயி, நெட்டை நாச்சாயி, கோபக்கார நாச்சாயி என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றுகிற வேலையில் இருந்த நம் நாச்சாயிக்குப் பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அவள் இன்னொரு நாச்சாயி. பிளஸ் டூவில் அவள் ஆயிரத்துப் பதினான்கு மதிப்பெண் எடுத்திருந்தாள். மதிப்பெண் பட்டியல் கொடுத்த அன்று தலைமையாசிரியர் "ப. நாச்சாயி" என்று கூப்பிட்டபோது இரண்டு ப. நாச்சாயிகள் வரிசையில் நின்றார்கள், முன்னால் நின்றவள் வாங்கிக்கொண்டாள். அதை வைத்து அவள் நர்சிங் சேர்ந்து, படித்து முடித்து, ஊர் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கும் வந்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அவளும் தெரிந்து செய்யவில்லை. ஊர் கூடிப் பேசி, அவள் வலிக்காமல் ஊசி போடுகிறாள், இப்போது போய் மாற்றினால் யாருக்கு லாபம் என்று முடிவு செய்தது. இவளுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது.

போன பங்குனித் திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு கூடாரத்தில் நான்கு பேர் கம்பி கட்டி ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய சட்டையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஓர் அட்டை குத்தியிருந்தது. அது என்னவென்று நாச்சாயி கேட்டாள்.

"என் அழைப்புக்குறிங்கம்மா. ரேடியோவுல இதுதான் என் பேரு. கவர்ன்மென்ட் குடுக்கறது. ஒருத்தருக்குக் குடுத்ததை உலகத்துல இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டாங்க."

"இன்னொருத்தருக்கே குடுக்க மாட்டாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"ஒரே ஊர்ல இருந்தாலும்?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதிப் பாஸ் செய்தால் அவளுக்கும் ஒன்று கிடைக்கும் என்றார். அன்றைக்கே புத்தகம் வாங்கிவிட்டாள். ஒரு கையால் தார் மிஷினில் நூலைப் பார்த்துக்கொண்டு, மறு கையால் பக்கம் புரட்டி, மின்தடையும் அலைநீளமும் ஆன்டெனாவும் படித்தாள். கூட வேலை செய்தவர்கள் "கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்றார்கள். மின்தேக்கிக் கணக்கு மட்டும் ஏறவே இல்லை. மற்றதெல்லாம் ஏறியது, ஐந்தாம் பாடம் இறங்கியே வந்துவிட்டது.

ஊர் ஒரு வாரத்தில் புது வானத்துக்குப் பழகியது. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிறவர் அது நாற்பத்தோரு அடி என்று கணக்குச் சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறினால் அடுக்கு சொற்களை உறிஞ்சிக்கொள்ளும், பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை எதைக் கத்தினாலும் எங்கும் விழாது என்று கண்டுகொண்டு, வசவுகளை எல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்கினார்கள். வெயில் தாழ்ந்தால் சொல் இரண்டு குதி குதித்து ஆறு தெரு போகும் என்று கண்டுகொண்டு, சம்பந்தி வீட்டு நலம் விசாரிப்பதை ஆறு மணிக்கு வைத்துக்கொண்டார்கள். தக்காளி வண்டிக்காரர் வண்டியைத் தெற்கில் நிறுத்திவிட்டு வடக்கில் வியாபாரம் செய்தார். கோயில் பூசாரி மந்திரத்தை எங்கே நின்று சொன்னால் சாராயக் கடைக்குள் விழும் என்று அடி எண்ணி வைத்துக்கொண்டார். ஆனால் எந்தச் சொல் யாருடையது, யாருக்கு வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. ஒருவன் தன் எருமையைத் திட்டியதற்கு மூன்று வீடுகள் பதில் திட்டின. வார்டு மெம்பர் தங்கமுத்து இருபது பேரைக் கூட்டிக்கொண்டு தார் குடோனுக்கு வந்தார்.

"ஏனம்மணி, உன்ற புஸ்தகத்துல இதுக்கு ஏதாச்சும் போட்டிருக்குதா?"

"எட்டாம் பாடம் பூராவும் அதுதானுங்க," என்றாள் நாச்சாயி.

மிஷினை நிறுத்திவிட்டு எட்டாம் பாடத்தைக் கத்திப் படித்தாள். பேசும் முன் யாரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டும், கூப்பிடுவது யார் என்று சொல்ல வேண்டும். ஒருவர் பேசி முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகே அடுத்தவர் பேச வேண்டும். ஆபாசம் கூடாது. ஆபத்தில் இருக்கிறவர் கூப்பிட்டால் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பொய்யான தகவலை ஒருபோதும் அனுப்பக் கூடாது.

"கடைசி ரூலு கொஞ்சம் கஷ்டம்," என்றார் மெம்பர். "மத்ததெல்லாம் பண்ணிறலாம்."

மறுநாள் காலையிலிருந்து ஊசிக்கரட்டு வானம் மரியாதை கற்றுக்கொண்டது. "மாரநாயக்கன் வீடு, மாரநாயக்கன் வீடு, இது காளியப்பன், காளியப்பன், ஏணி வேணும், முடிந்தது." "காளியப்பன், இது மாரநாயக்கன், ஏணி போன வருசமே உங்கூட்லதான் இருக்குது, முடிந்தது." அறுபது வருடமாக ஒருவர் மேல் ஒருவர் பேசிப் பழகியவர்கள், மற்றவர் "முடிந்தது" சொல்லும்வரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்; அப்படிக் காத்திருந்தபோதுதான் மற்றவர் என்ன சொல்கிறார் என்பது பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது, அதனால் மூன்று பழைய பகைகள் தீர்ந்தன, இரண்டு புதியவை உண்டாயின. நாச்சாயிகளுக்கு மட்டும் இந்த முறை போதவில்லை. "நாச்சாயி, நாச்சாயி" என்று யார் கூப்பிட்டாலும் பதினொரு பேரும் பதில் சொல்ல, ஊர் கூடி அவர்களுக்கு எண் கொடுத்தது. சீட்டுக் குலுக்கியதில் நம் நாச்சாயிக்கு ஏழு வந்தது.

"ஏழு நல்ல நம்பர் புள்ள," என்றான் சடையப்பன்.

"ரேஷன் கடையில குடுக்கறாங்களே, அந்த டோக்கனாட்டம் இருக்குது."

"உனக்கு வேற என்னதான் வேணும்?"

"கூப்பிட்டா நான் ஒருத்தி மட்டும் திரும்பற மாதிரி ஒண்ணு," என்றாள். அதற்குப் பிறகு மின்தேக்கிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு இன்னொரு முறை தோற்றாள்.

பரீட்சை பதினெட்டு நாளில் இருந்தபோது மெம்பருக்கு ஒரு பயம் வந்தது. உரிமம் இல்லாமல் இவ்வளவு பேர் வானத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம், நாளைக்கு யாராவது கேட்டால் ஊருக்கே கேஸ் ஆகிவிடும் என்று அவர் ஆறு மணிக்கு ஆறு தெருவுக்கும் சொல்ல, நாற்பத்திரண்டு பேர் விண்ணப்பம் போட்டார்கள். புத்தகம் ஒன்றுதான். நாச்சாயி நாளுக்கு இரண்டு பக்கம், வானத்தில், இந்தக் கோடியில் நின்று ஒரு முறையும் அந்தக் கோடியில் நின்று ஒரு முறையும் படித்தாள். ஊர் பதில் படித்தது. பாவு பிணைக்கிறவர்கள் ஓம் விதியைச் சொல்லிக்கொண்டு பிணைத்தார்கள், இட்லிக் கடையில் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்று கேட்டால்தான் சட்னி வந்தது, எருமைக்காரி தன் எருமைகளுக்கு வோல்ட் என்றும் வாட் என்றும் பெயர் மாற்றினாள், புதுப் பெயருக்கு அவை உடனே திரும்பின.

நகரத்துக்கு இரண்டு மினி பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் ஒரே விவாதம்.

"அயனி மண்டலம் எவ்வளவு உசரம்னு கேட்டா இருநூத்தம்பது கிலோமீட்டர்னு எழுதிப்போடுங்க," என்றாள் நாச்சாயி. "கும்புட்டுக் கேக்கறேன். நாப்பத்தொண்ணுன்னு யாரும் எழுதிறாதீங்க."

"அப்ப நம்மூர்ல இருக்கறது பொய்யா?" என்றான் சடையப்பன்.

"பரிச்சை நம்மூருக்கில்லைங்க. நாட்டுக்கு."

"நாட்டுல நம்மூரு இல்லியா?" என்று பின் சீட்டிலிருந்து நெட்டை நாச்சாயி கத்த, பஸ் முழுக்க விசிலடித்தது.

பரீட்சை அறையில் ஏசி ஓடியது. அவ்வளவு அமைதியான இடத்தில் ஊசிக்கரட்டுக்காரர்கள் அதுவரை இருந்ததில்லை. பலருக்கு லேசாகத் தலை சுற்றியது, ஒருவர் தன் காது போய்விட்டதோ என்று பக்கத்து ஆளைக் கிள்ளி அவர் கத்துகிறாரா என்று சோதித்துக்கொண்டார். ஐம்பது கேள்விகள், பாதி சரியாக இருந்தால் பாஸ். நாச்சாயி எழுதி முடித்து எண்ணிப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரிந்தது இருபத்து நான்கு. மின்தேக்கிகள் எல்லாம் குருட்டாம்போக்கு. மிச்சம் இருந்தது பதினேழாம் கேள்வி: வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டல அடுக்கின் உயரம் என்ன? அ, ஐம்பது கிலோமீட்டர். ஆ, நூறு கிலோமீட்டர். இ, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஈ, இவற்றில் எதுவுமில்லை.

இருபத்தைந்தாவது மதிப்பெண் 'இ'யில் இருந்தது. பேனாவை அதற்கு நேராகக் கொண்டுபோனாள். எட்டாம் பாடத்தை எத்தனை முறை கத்திப் படித்தோம் என்று நினைத்தாள், படித்த குரல் தன்னுடையது என்றும் நினைத்தாள். பொய்யான தகவலை ஒருபோதும். பேனா தானாக நகரவில்லை, அவள்தான் நகர்த்தினாள், 'ஈ'யைக் குறித்துவிட்டு, வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். சடையப்பன் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும் மின்தேக்கி வரல புள்ள" என்றான். அந்தத் தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்று பேரும், பதினேழாம் கேள்விக்கு ஒரே தவறான விடையைக் குறித்திருப்பதால், கூட்டமாகப் பார்த்து எழுதியதாகச் சந்தேகிக்கப்படுகிறது; முடிவுகள் நிறுத்திவைக்கப்படுகின்றன; விசாரணைக்கு அதிகாரி வருவார்.

வந்தவர் பெயர் தேவசகாயம். இருபத்திரண்டு வருட சர்வீசில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாதவர். பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் மென்மையாக ஏதோ கேட்டார். "என்னுங்? சத்தமாச் சொல்லுங்!" என்று எல்லோரும் காதைக் காட்டினார்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, "நாச்சாயி எங்கே இருக்காங்க?" என்று கத்தினார். தன் குரலைக் கேட்டுத் தானே ஓரடி பின்வாங்கினார். மேலேயிருந்து ஒரு பெண் குரல் அவர் தலையில் விழுந்தது.

"யாருங்க கூப்படறது? கூப்படறவங்க பேரைச் சொல்லோணும்ங்க. இத்தனாம் நாச்சாயின்னும் சொல்லோணும். சட்டம் தெரியாதுங்களா? முடிந்தது."

அவர்தான் அந்தச் சட்டத்தின் திருத்தங்களைத் தட்டச்சுக்கு அனுப்பியவர். வானத்தைப் பார்த்து, "மன்னிக்கணும். இது தேவசகாயம், தேவசகாயம். முடிந்தது" என்றார்.

ஐந்து நிமிடத்தில் பதினொரு நாச்சாயிகளும் வந்து நின்றார்கள், பின்னால் ஊர் நின்றது. பதினேழாம் கேள்விக்கு ஏன் அப்படிக் குறித்தீர்கள் என்று அவர் ஏழாம் நாச்சாயியைக் கேட்டார். அவள் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியைக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தறிகளின் இரைச்சல் அவர் கூடவே ஏறியது. நாற்பத்தோரு அடியில் அவருடைய தலை அடுக்குக்கு மேலே போனது, காது இரண்டும் அதைத் தாண்டிய கணத்தில் ஆயிரம் தறிகளும் ஊரும் உலகமும் பட்டென்று நின்றன. ஒரு படி இறங்கினார், எல்லாம் ஓடியது. ஒரு படி ஏறினார், நின்றது. இறங்கினார். ஏறினார்.

"சார், என்னாச்சுங்க சார்?" என்று மெம்பர் கத்தினார்.

"கேக்குது!" என்றார் தேவசகாயம். தலை மேலே போனது. வந்தது. "இப்பவும் கேக்குது!" மறுபடி போய் வந்தது. "மேல கேக்கல! கீழ கேக்குது!" இப்படிப் பதினைந்து இருபது முறை ஏறி இறங்கியவரின் முகத்தில், அவர் வீட்டில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு வந்திருந்தது, தலைமுடி கஞ்சி குடித்து விறைத்து நின்றது, "கேக்குது, கேக்கல, கேக்குது, கேக்கல" என்று மூன்று தெரு தள்ளி விழுந்ததை அங்கே இருந்தவர்கள் தாளமாகப் பிடித்துக்கொண்டு கை தட்டினார்கள்.

நாச்சாயி ஒரு தார் நூல் கொடுத்தனுப்பினாள், அதன் நுனியில் சடையப்பன் ஒரு நட்டைக் கட்டினான். அதிகாரி தன் காதிலிருந்து அதைத் தொங்கவிட்டார். நட்டு தரையைத் தொட்டதும் முடிச்சுப் போட்டு, கீழே வந்து, நூலை நீட்டி இரண்டு முறை அளந்தார். நாற்பத்தோரு அடி இரண்டு அங்குலம்.

"இப்படி ஒரு விடைக்கு மார்க் போட விதி இல்லை," என்றார், இப்போது நன்றாகக் கத்தி. "அளந்ததை அளக்கலைன்னு எழுதவும் விதி இல்லை." ஃபைலைத் தொட்டி மேடையில் வைத்து, பதினேழாம் கேள்விக்கு ஊசிக்கரட்டைப் பொறுத்தவரை 'ஈ' சரியான விடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருப்பதாகச் சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

நாச்சாயிக்கு இருபத்தைந்து வந்தது. ஊரில் நாற்பத்திரண்டு பேர் பாஸ். சடையப்பன் மட்டும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு உயர்ந்து பெயிலானான். ஊர்க் கட்டுப்பாட்டின்படி உரிமம் இல்லாதவன் வெளியில் கத்தக் கூடாது என்பதால், ஊரின் பெரிய தொண்டை வாய்க்குள்ளேயே பேசப் பழகியது. ஒரு வாரம் கழித்து, அவன் குரல் கேட்க நன்றாக இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தபால்காரர் 'ப. நாச்சாயி' என்று போட்டிருந்த இரண்டு உறைகளையும் நர்ஸ் நாச்சாயியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவளும் பரீட்சை எழுதியிருந்தாள். இரண்டையும் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு, மருந்து வாசனையோடு வேகமாக நடந்து வந்து, நாச்சாயியின் முன்னால் தார் மிஷின் மேல் வைத்தாள்.

"நீ மொதல்ல பிரிச்சுப் பாரு. நான் தொட மாட்டேன்."

"ரெண்டும் நம்ம பேருதானே?"

"அதனாலதான்."

நாச்சாயி பிரித்தாள். இரண்டாவது உறையில் அவளுடைய பிறந்த தேதி இருந்தது, அதன் கீழே அவளுடைய அழைப்புக்குறி இருந்தது. ஆறு எழுத்தும் எண்ணும். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நர்ஸ் நாச்சாயி திரும்பாமல் நின்றாள். இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் திரும்பவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததில் நாற்பது தாரில் நூல் அறுந்தது.

பொருட்காட்சிக் கூடாரத்துக்காரர்கள் ஒரு பழைய செட்டும் கொஞ்சம் கம்பியும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பியை மொட்டை மாடியில் கட்டி, பொத்தானை அழுத்தி, கேட்கிற யாராக இருந்தாலும் வாருங்கள் என்று பொருள்படும் அழைப்பைச் சொல்லி, தன் குறியை மூன்று முறை சொன்னாள். அலை நாற்பத்தோரு அடி இரண்டு அங்குலம் போய், பட்டு, மூன்றாம் தெருவில் இட்லிக் கடை டிவிக்குள் விழுந்தது. இட்லிக் கடைக்காரர் உரிமம் பெற்றவர், முறைப்படி வெளியே வந்து, "உங்கள் குறி நன்றாகக் கேட்கிறது ஏழாம் நாச்சாயி, முடிந்தது" என்று கத்தினார்.

எந்தத் திசையில் கம்பி கட்டினாலும் அதே கதை. அவளுடைய குறி ஊரை விட்டு ஒரு அடி வெளியே போகவில்லை, அவளை ஏழு என்று தெரிந்தவர்களின் டிவிக்குள்தான் விழுந்தது. மதியம்வரை பார்த்துவிட்டு, செட்டையும் ஸ்கூட்டர் பேட்டரியையும் சேலையில் முதுகோடு கட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். ஊர் பின்னால் வந்தது.

"மேல போயிட்டா நீ பேசறது எங்களுக்குக் கேக்காதே அம்மணி," என்றார் மெம்பர்.

"கேக்க வேண்டாங்க," என்றாள்.

நாற்பத்திரண்டாம் அடியில், பிறந்ததிலிருந்து கேட்ட முப்பத்தெட்டு வருடத் தறிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மூச்சு தனக்குக் கேட்கிறதே என்று நின்றாள். தொட்டியின் உச்சிக் கைப்பிடியில் ஆன்டெனாவைக் கட்டினாள். மற்ற ஊர்களின் அடுக்கு வெகு உயரத்தில், புத்தகம் சொன்ன இடத்திலேயே இருந்தது. குறியை மூன்று முறை சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி சொன்னாள். ஒன்பதாவது முறை, இரைச்சலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் நின்று பேசுவது போல ஓர் ஆண் குரல், அவளுடைய ஆறு எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் சொன்னது.

நாச்சாயி அனிச்சையாகக் கீழே பார்த்தாள். ஊர் அண்ணாந்து நின்றது. பத்து நாச்சாயிகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது மலேசியா, தைப்பிங்," என்றது குரல் ஆங்கிலத்தில். அவள் பதிலின் இங்கிலீசைக் கேட்டதும் தமிழுக்கு மாறியது. "அட, தமிழாம்மா நீங்க? நான் சுப்பையா, ஸ்கூல் வேன் ஓட்டுறேன். சிக்னல் சூப்பரா வருது. உங்க பேரு என்னம்மா? ஓவர்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நாச்சாயிங்க. ஓவர்."

"நாச்சாயியா!" என்றார் தைப்பிங் சுப்பையா. "எங்க பெரியம்மா பேரு நாச்சாயி, சின்னம்மா பேரு நாச்சாயி, எதிர்வீட்டுல ஒரு நாச்சாயி, இப்ப என் பக்கத்துல மீன் கழுவிக்கிட்டு இருக்கறது என் சம்சாரம், அதும் நாச்சாயிதாம்மா. இரு, நீ வானத்துல இருக்கேன்னு சொல்லுறேன். ஓவர்."

கீழே, தறிக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார்கள். தறிக்கு நடுவே நின்று பேசுகிறவரின் உதட்டைப் படித்தே பழகியவர்களுக்கு நாற்பத்திரண்டு அடி ஒரு தூரமில்லை என்றாலும், வெயில் அவர்கள் கண்ணில் நேராக அடித்தது. சடையப்பன் மட்டும் தொட்டியின் நிழலில் நின்றான்.

"என்ன சொல்றாப்பா?" என்று மெம்பர் கேட்டார்.

"சிரிக்கறா," என்றான் சடையப்பன், மெதுவாக.

"அது தெரியுது. என்ன சொல்றான்னு கேட்டேன்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். மேலே அவள் ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தாள், ஒரு சத்தமும் கீழே வரவில்லை, அவள் சிரிப்பு அடுக்கின் மேல்பக்கம் பட்டு அப்படியே மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் சிரிக்கறாளுங்க," என்றான்.